டெப்பி கட்டிய அமெரிக்கா

ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் கிடைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் கூரான எதையும் கைக்கெட்டும் இடத்தில் வைக்கக் கூடாது என்பது விதி. கடைசியில் சமையலறையிலிருந்து கோழி வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவந்தார்கள். எங்கள் மேனேஜர் டெப்பி அதைக்கொண்டு சிவப்பு ரிப்பனை வெட்டி, அமெரிக்காவைத் திறந்துவைத்தார்.

அறைக்குள் போனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. தரை என்றா சொன்னேன், ஒட்டுத்தாள். ஒரு மூலை அன்றைக்கே பிரிந்துகொண்டு நின்றது. சிவப்பு ரெக்சின் சோபாக்கள். காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டி ஒன்று. அது காசு போடாமலே பாடியது. நிறுத்துவது எப்படி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

மூலையில் மரச்சட்டம் போட்ட டிவி. அதில் முத்துமாலையும் குதிகால் செருப்புமாக ஒரு அம்மணி புது ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். என் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து நான் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. உள்ளே நேற்றைய சாம்பார் இருக்கும்.

சுவரில் பெரிதாக விலைப்பலகை. காபி ஐந்து சென்ட், ஹாம்பர்கர் பதினைந்து சென்ட் என்று வரிசையாகப் போய், கடைசியில் காரிலிருந்தபடியே பார்க்கிற சினிமாவுக்கான டிக்கெட் விலை. எதிர்க் கடையில் ஆறு டாலருக்கு வாங்கிய காபிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, டெப்பி அந்தப் பலகையின் கீழ் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

கொரோனா ஒருவழியாக அடங்கி, முகக்கவசத்தைக் கழற்றலாமா வேண்டாமா என்று எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. மெல்பர்னில், கிளேட்டனிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் இல்லம். அங்கே எனக்கு ‘பொழுதுபோக்கு ஒருங்கிணைப்பாளர்’ என்று பதவி. பிங்கோ நடத்த வேண்டும், பிறந்தநாளுக்குப் பலூன் ஊத வேண்டும். திருச்சியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தது பலூன் ஊதுவதற்கு ரொம்பவே கைகொடுக்கிறது.

ஏன் அமெரிக்கா?

நியாயமான கேள்வி. நானும் கேட்டேன்.

ஞாபகம் தடுமாறுகிற வயதில், இளமையில் பார்த்த பொருள்களைச் சுற்றி வைத்தால் மனசு அமைதியாகும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் இல்லத்தில் இருந்தவர்களின் இளமை எங்கே கழிந்தது? ஜோன் கிப்ஸ்லாந்தில் மாடு கறந்தவர். ஸ்டாவ்ரோஸ் கிரீஸில் ஏதோ மலையில் ஆடு ஓட்டியவர். இத்தாலிக்காரர்கள் உண்டு, வியட்நாம்காரர்கள் உண்டு, யாழ்ப்பாணத்துக்காரர்கள் உண்டு. அமெரிக்காவில் கால் வைத்தவர் என்று ஒரு ஆள் கிடையாது.

டெப்பி ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கினார். ஆஸ்திரேலியாவின் ஐம்பதுகள் எந்தக் கடையிலும் விற்பதில்லையாம். அமெரிக்காவின் ஐம்பதுகள்தான் ஒரே பெட்டியில், டெலிவரி இலவசமாக, வீட்டு வாசலுக்கு வருகிறதாம். அதுவும் சரிதான். இந்த ஊரின் ஐம்பதுகள் என்றால் விறகடுப்பும் கொல்லைப்புறக் கக்கூஸும். அதை யார் பிளாஸ்டிக்கில் செய்து விற்பார்கள்?

திறப்புவிழாவன்று ஜோன் விலைப்பலகையை உற்றுப் பார்த்தார். சென்ட் என்றால் என்ன, எங்களுக்கு அப்போது ஷில்லிங்தானே என்று கேட்டுவிட்டுச் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஸ்டாவ்ரோஸ் ஹாம்பர்கர் படத்தைக் காட்டி அது வேண்டுமென்றார். மசித்த பூசணிக்காய் கொடுத்தோம். இடுப்பில் சுழற்றுகிற வளையம் ஒன்றும் பெட்டியில் வந்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் பெண் அதைப் பார்த்த மாத்திரத்தில் பறித்துக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டாள்.

சுவரில் அந்தக் காலத்துச் செய்திப் படங்களும் மாட்டியிருந்தார்கள். அணுகுண்டு விழுந்தால் எப்படித் தப்பிப்பது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேசைக்கடியில் குந்தியிருக்கிற படம். ரஷ்யாக்காரன் வானத்தில் விட்ட பந்தை அண்ணாந்து தேடுகிற கூட்டத்தின் படம். மனசை அமைதிப்படுத்த இவற்றைவிட நல்ல படங்கள் கிடைக்குமா?

என் சொந்தக்காரர்களை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் முதலில் அமெரிக்க விசாவுக்குத்தான் தவம் கிடந்தோம். அது கிடைக்காமல்தான் ஆஸ்திரேலியா வந்தோம். இத்தனை வருஷம் கழித்தும், வீடு வாங்கி, பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைத்த பிறகும், திருச்சிக்குப் போனால் என் சின்ன மாமா கேட்பார்: “அமெரிக்கா கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லையாம்மா?” இப்போது அவரிடம் சொல்லலாம். கிடைத்துவிட்டது மாமா, தினமும் காலை பத்து மணிக்கு அதைப் பெருக்கித் துடைப்பது நான்தான்.

ஓம் என்ற அங்கிள்

டெப்பியின் அமெரிக்காவுக்கு ஒரே ஒரு விசுவாசமான குடிமகன் வாய்த்தார். செல்வநாயகம் அங்கிள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கொழும்பில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக வேலை பார்த்து, வயதான பிறகு மகன் கூப்பிட இங்கே வந்தவர். மகன் குமரன் கிரெய்கிபர்னில் இருந்தான். அங்கிளின் மனைவி மங்கை அன்ரி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் சரியாக வராது. இரண்டு பேருக்கும் ஒரே அறை. அன்ரியின் தேநீரில் பிஸ்கட்டை எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும் என்பது வரைக்கும் அங்கிளுக்குத்தான் தெரியும். நர்ஸ் ஊட்டினால் அன்ரி வாயைத் திறக்க மாட்டார்.

தினமும் காலையில் அன்ரியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அங்கிள் அமெரிக்காவுக்கு வருவார். டெப்பி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் விலையெல்லாம் இப்படித்தானே இருந்தது என்று கேட்பார்.

“ஓம் ஓம், சதக் கணக்குத்தான்,” என்பார் அங்கிள், அதையே அழகான ஆங்கிலத்திலும் சொல்வார். இலங்கையிலும் ரூபாயும் சதமும்தான். பொய்யே இல்லை.

காரிலிருந்தபடி சினிமா பார்த்தீர்களா? தலை ஆடும். பெரிய கார் வைத்திருந்தீர்களா, பச்சை நிறத்திலா? ஆடும். ரஷ்யாக்காரன் விட்ட பந்தை வானத்தில் தேடினீர்களா? அதற்குக் கொஞ்சம் பலமாகவே ஆடும். டெப்பிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. செலவழித்த பணத்துக்கு ஒரு ஆள் பதில் சொல்கிறாரே.

இந்தத் தலையாட்டல் எனக்குப் புதிதில்லை. ஒருவர் ஆசையாக ஒன்றைச் செய்து நீட்டினால் ‘இல்லை’ என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. இந்த ஊருக்கு வந்த புதிதில் வாடகை வீட்டுக்காரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வேகவைத்த ஆட்டிறைச்சி கொண்டுவந்து கொடுத்தார். உப்பு இல்லை, காரம் இல்லை, ஆட்டுக்கே அது ஆடு என்று தெரிந்திருக்காது. பிரமாதம் என்றேன். அந்த வீட்டைக் காலி செய்கிறவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அது வந்துகொண்டே இருந்தது.

(இரண்டு வாரம் முன்பு இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் இந்த ஊர்ச் சாப்பாட்டைக் கிண்டலடித்ததற்கு சிட்னி வாசகி ஒருவர் கோபித்துக்கொண்டு எழுதியிருந்தார். அம்மணி, ஹரிஸ் பார்க்கில் இருந்துகொண்டு, வாசலில் இறங்கினால் மசால் தோசை கிடைக்கிற இடத்திலிருந்து, நீங்கள் தாராளமாகக் கோபிக்கலாம்.)

ஆக, அங்கிள் தலையாட்டுவது மரியாதைக்காக என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம்

டெப்பி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிந்துவைத்தார். திரு. செல்வநாயகம் இளமையில் அமெரிக்காவில் வசித்தவர், பச்சை நிறத்தில் பெரிய கார் வைத்திருந்தவர். குமரன் வந்த ஒரு சனிக்கிழமை, உங்கள் அப்பாவின் அமெரிக்க வாழ்க்கை எவ்வளவு சுவாரசியம் என்று சொல்லிவைத்தார்.

குமரன் திகைத்துப்போனான். “அப்பா அமெரிக்காப் பக்கம் தலை வைச்சும் படுக்கேல்லையே,” என்றான் என்னிடம்.

அவ்வளவுதான். அடுத்த வாரமே பேச்சு மாறிவிட்டது. நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார், விவரமாகச் சொல்கிறார், இது மறதி நோயின் அறிகுறியாக இருக்கலாம், டாக்டர் வந்து பார்க்கட்டும். அமெரிக்காவைக் காசு கொடுத்து வாங்கி, சுவரில் ஒட்டி, தினமும் அவர் வாயில் ஊட்டியதும் இவர்கள். அதை அவர் விழுங்கிவிட்டார் என்று டாக்டரைக் கூப்பிட்டதும் இவர்கள்.

மறதி நோய் என்று முடிவானால் அங்கிள் பின்கட்டுக்குப் போக வேண்டும். பின்கட்டு என்பது தனிப் பகுதி. நம்பர் அடித்தால் திறக்கிற கதவு. நம்பர் வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அன்ரிக்கு நோய் இல்லையென்றால் அன்ரி இந்தப் பக்கம், அங்கிள் அந்தப் பக்கம். மதியம் ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

அறுபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்தவர்களுக்கு ஒரு மணி நேரம்.

நேராக அங்கிளிடம் போனேன். அமெரிக்க அறையில்தான் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரி அவர் கையைத் தொட்டார்.

“இஞ்சருங்கோ, அந்தப் பச்சைக் காரை என்ன செய்தனீங்கள்?”

“வித்துப்போட்டன்.”

“நல்ல விலைக்கோ?”

“ஓம், நல்ல விலைக்குத்தான்.”

அன்ரி திருப்தியாக டிவியில் ஃப்ரிட்ஜ் அம்மணியைப் பார்க்கத் தொடங்கினார். அங்கிள் என்னைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்ரியை ஜன்னலோரம் விட்டுவிட்டு என்னோடு தாழ்வாரத்துக்கு வந்தார்.

“அவளுக்கு இப்ப கொழும்பு ஞாபகமில்லை, பிள்ளை,” என்றார். “கலவரத்தில வீடு எரிஞ்சது மட்டும் வரும். ராவில எழும்பி, கதவைப் பூட்டினனீங்களோ, பூட்டினனீங்களோ எண்டு கேப்பாள். உந்த அறைக்கு வரத் துவங்கினாப்பிறகு அந்தக் கேள்வி இல்லை. நாங்கள் அமெரிக்காவில இருந்தனாங்கள் எண்டு நினைக்கிறாள். அங்க எங்கட வீட்டை ஒருத்தரும் எரிக்கேல்லை.”

டெப்பியின் பிளாஸ்டிக் அமெரிக்கா ஒரு ஆளுக்கு உண்மையிலேயே வேலை செய்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் அதுதான் நிஜம். தடுமாறியது அன்ரி. அதை யாரும் கவனிக்காதபடி, ஒவ்வொரு கேள்விக்கும் முந்திக்கொண்டு தலையாட்டியவர் அங்கிள்.

“அப்போ டாக்டர் கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்க அங்கிள்,” என்றேன். “அந்த நேரம் அன்ரியை நான் பிங்கோவுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். மரியாதைக்குத் தலையாட்டினேன்னு சொன்னா போதும். அன்ரி பேச்சே வராது.”

“ஓம்,” என்றார்.

டாக்டர் நல்லவர்

டாக்டர் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான். முடியவில்லை. அவசரப்படாத, அன்பான பெண்மணி. அன்பானவர்களால் வருகிற ஆபத்து பற்றி யாரும் பயிற்சி வகுப்பு நடத்துவதில்லை.

என்ன கிழமை, யார் பிரதமர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று அங்கிளைக் கேட்டார். அங்கிள் கழித்த வேகத்தில் டெப்பி விரல்விட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பிறகு அமெரிக்கா.

போனதே இல்லை என்றார் அங்கிள். கப்பல் கம்பெனி கிளார்க், அமெரிக்காவுக்குத் தேயிலைப் பெட்டிகளை அனுப்பியதோடு சரி. இந்த அம்மா பாடுபட்டு அறையைச் செய்திருந்தார், மனம் நோகக் கூடாதென்று ஆமாம் சொன்னேன், மன்னிக்க வேண்டும். டெப்பி முகம் சிவந்தது. குமரன் பெருமூச்சு விட்டான். விஷயம் முடிந்தது.

டாக்டர் பேனாவை மூடப் போனவர், மனைவியையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார். அவரும் இதில் சம்பந்தப்பட்டவர் இல்லையா, அவரைக் கேட்காமல் முடிவெடுப்பது மரியாதை இல்லையே என்றார். பிங்கோ நடத்திக்கொண்டிருந்த என்னை, அன்ரியோடு வந்து மொழிபெயர்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

என்ன நடந்தது என்று உள்ளே போனதும் குமரன் காதோடு சொன்னான். அன்ரிக்கு ஒன்றும் தெரியாது, களைத்துப்போயிருக்கிறார், இன்னொரு நாள் கேட்கலாம் என்றேன். ஒரே ஒரு கேள்விதான் என்றார் டாக்டர். உங்கள் கணவர் தான் அமெரிக்காவில் இருந்ததே இல்லை என்கிறார், சரிதானே?

தமிழில் சொன்னேன். வேறு வழி இல்லை. குமரனுக்கும் தமிழ் தெரியும்.

அன்ரி முதலில் சிரித்தார். பிறகு அங்கிள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“இல்லையெண்டு சொன்னவரோ?” என்றார். நல்ல கை புடவையைக் கசக்கத் தொடங்கியது. “நாங்கள் இருந்தனாங்கள்தானே. பச்சைக் கார் இருந்தது. இவர்தான் ஓடுறவர்.” மறுபடி அங்கிளைப் பார்த்தார். “இல்லையெண்டால், அப்ப எங்கட வீடு எது? எரிஞ்சதோ?”

டாக்டர் என்னைப் பார்த்தார். சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன். டாக்டரின் கண் அங்கிளிடமிருந்து அன்ரியிடம் நகர்ந்தது. யாருக்கு நோய் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இனி அன்ரிதான் பின்கட்டுக்குப் போவார், தனியாக. பிஸ்கட் நனைக்க ஆள் இல்லாமல்.

அங்கிள் எழுந்து போய் அன்ரியின் கையைப் புடவையிலிருந்து விடுவித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“எரியேல்லை, மங்கை. அமெரிக்காவிலதான் இருந்தனாங்கள். நான்தான் மறந்துபோனன்.”

பிறகு டாக்டர் பக்கம் திரும்பி அதையே ஆங்கிலத்தில் சொன்னார். தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும், நாங்கள் அமெரிக்காவில் வசித்தோம். எனக்கு இப்போதெல்லாம் ஞாபகம் சரியில்லை.

குமரன் “அப்பா” என்று ஆரம்பித்தான். அங்கிள் அவனைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார். “பிள்ளை, நீ ஒண்டும் சொல்லாதை.”

டாக்டர் அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அங்கிள் பக்கம் திரும்பினார். கார் என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றார் அங்கிள். அதற்கு என்ன ஆயிற்று? விற்றுவிட்டேன், நல்ல விலைக்கு.

நூறிலிருந்து ஏழு ஏழாகச் சறுக்காமல் இறங்கிய மனிதர் என்பது டாக்டருக்கு மறந்திருக்காது. ஆனாலும் பின்கட்டில் இரண்டு கட்டில் போட்ட அறை ஏதும் காலியாக இருக்கிறதா என்று டெப்பியிடம் விசாரித்தார். இருந்தது.

மாற்றம்

அங்கிளின் நிலைமை இவ்வளவு சீக்கிரம் மோசமாகும் என்று நினைக்கவே இல்லை என்று டெப்பி ஸ்டாஃப் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, அந்த அறை அவருக்குக் கடைசிக் காலத்தில் கொஞ்சம் சந்தோஷம் கொடுத்தது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எழுந்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கும்படி ஒரு மனிதர் கேட்டிருந்தாரே.

அடுத்த நாள் காலை அவர்களைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் விட்டது நான்தான். இரண்டு பெட்டி, ஒரு தலையணை, அன்ரியின் பிஸ்கட் டின். அங்கிள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை போட்டு, தலையை ஈரமாக வாரியிருந்தார். கதவருகே வந்ததும், எங்கே போகிறோம் என்று அன்ரி கேட்டார். வீடு மாறுகிறோம் என்றார் அங்கிள்.

எனக்கு அழுகை வந்தது. குனிந்து பெட்டியைச் சரிசெய்வதுபோல மறைத்துக்கொண்டேன். வேண்டாம் அங்கிள், இப்பவும் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிடலாம் என்றேன். உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே, அந்தப் பக்கம் பேச ஒரு ஆள்கூட இருக்க மாட்டாங்களே என்றேன்.

அவர் கதவைக் காட்டினார். நான் நம்பரை அடித்தேன். கதவு திறந்தது. நாற்காலியை உள்ளே தள்ளப் போனவர் நின்று, அன்ரிக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தார்.

“பிள்ளை, உள்ளுக்க எந்த நாடு வைச்சிருக்கினம்?” என்று கேட்டார். “முதலே சொல்லிப்போடு. அவள் கேக்க முன்னம் நான் படிச்சு வைக்க வேணும்.”